நோடு நடத்தியவர்களின் ராத்திரிச் செலவு

எத்தீரியம் வலையில் ஒரு வேலிடேட்டர் நோடு நடத்த குறைந்தது 32 ஈதர் பிணையாகக் கட்ட வேண்டுமாம். பேரன் சொன்னான். தலைமையே இல்லாத வலை என்கிறார்கள், ஆனால் வாசலில் உண்டியல்! தொலைபேசி இலாகாவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு உடனே ஃபிடோநெட் ஞாபகம் வந்தது.

1984-ல் சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கியது அது. வீட்டுக் கம்ப்யூட்டரில் மோடத்தை மாட்டி வைத்தால், யார் வேண்டுமானாலும் ஃபோன் போட்டு உள்ளே வந்து செய்தி எழுதிப் போகலாம். மின்னணு அறிவிப்புப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜென்னிங்ஸ் செய்தது, அந்தப் பலகைகளே ராத்திரியில் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கடிதம் மாற்றிக்கொள்ளும்படி ஏற்பாடு. பால்டிமோரில் ஜான் மேடில் இரண்டாவது நோடு. சாதனம் என்று பார்த்தால் ஒரு பிசி, ஒரு மோடம், ஒரு ஃபோன் லைன், அவ்வளவுதான். வாங்குவது ஒரு தடவைச் செலவு. ஃபோன் பில் மாதாமாதம் வரும்.

அமெரிக்காவில் ராத்திரி 11 மணிக்கு மேல் வெளியூர்க் கட்டணம் மலிவு. நம் ஊரில் கால் கட்டணத்துக்காக எஸ்டிடி பூத்தில் கியூவில் நின்றோமே, அதே கணக்கு. அதனால் பசிபிக் கரை நேரப்படி அதிகாலை 1 மணியிலிருந்து 2 மணி வரை தபால் நேரம் என்று ஒதுக்கினார்கள். அந்த ஒரு மணி நேரம் லைன் மெஷின்களுக்கே. பட்டியலில் ஒரு எண் தப்பாக இருந்தால் தீர்ந்தது; சம்பந்தமே இல்லாத யார் வீட்டிலோ நடு ராத்திரியில் மணி அடிக்கும், எடுத்தால் எதிரே யாரும் பேச மாட்டார்கள். அந்த மனிதர்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

நோடுகள் பெருகியதும் செலவு கடித்தது. ஒரே நகரத்தில் பத்து நோடு இருந்தால் பத்து டிரங்க் கால். 1985 ஜூனில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். ஊருக்கு ஒரு ஹோஸ்ட். வெளியூர்த் தபாலெல்லாம் அவருக்கு ஒரே அழைப்பில் போய்ச் சேரும், அவர் உள்ளூரில் பிரித்துக் கொடுப்பார். அங்கே பல இடங்களில் உள்ளூர் அழைப்புக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு காலையும் மீட்டரில் எண்ணும் நம் இலாகாவில் இது பாதிதான் எடுபட்டிருக்கும்.

ஆக, சமமானவர்களின் வலையில் மேல்படி கீழ்படி வந்தது யாருடைய பதவி ஆசையாலும் அல்ல, பில்லால் வந்தது என்பது என் எண்ணம். சண்டை வந்தது எக்கோமெயிலில். டல்லாஸில் ஜெஃப் ரஷ், உள்ளூர் நோடுக்காரர்கள் கூடிப் பேச எழுதிய நிரல் அது. ஒருவர் எழுதினால் எல்லா நோடுக்கும் நகல் போகும். 1986-க்குப் பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. நகல்களைச் சுருக்கிக் கட்டி அனுப்பினார்கள், வேகமான மோடம் வாங்கினார்கள். யூ.எஸ். ரோபாட்டிக்ஸ் கம்பெனி பலகை நடத்துபவர்களுக்குச் சலுகை விலையில் மோடம் கொடுத்தது. அப்படியும் தொலைவிலிருந்து மூட்டையை இறக்குபவர் கைக்காசு போட வேண்டியிருந்தது. சில ஊர்களில் பங்கு பிரித்தார்கள். காசு கொடுத்தவருக்கு எந்தப் பேச்சு ஊருக்குள் வரலாம் என்று சொல்லும் வாயும் கூடவே வந்தது.

1990-களின் நடுவில் 30,000-க்கு மேல் நோடுகள். பிறகு மாதச் சந்தாவில் இன்டர்நெட் வந்தது, தூரத்துக்குத் தனிக் காசு இல்லை என்றாயிற்று, பட்டியல் மளமளவென்று சுருங்கியது. அது இன்னும் வெளிவருகிறது. தபால் மட்டும் இப்போது பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகவே போகிறது.