பல்கலைக்கழக மகளிர் மையங்கள் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

பல்கலைக்கழக மகளிர் மையம் என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்கல்வி நிலையங்களில், மாணவிகளும் ஆசிரியைகளும் அலுவலகப் பெண் ஊழியர்களும் ஒன்றுகூடவும், ஆலோசனையும் ஆதரவும் பெறவும், தங்களுக்கு இழைக்கப்படும் அநீதிகளைக் குறித்துப் பொதுநிகழ்ச்சிகளும் கிளர்ச்சிகளும் நடத்தவும் இடமளிக்கும் ஸ்தாபனம் ஆகும். பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் கட்டடத்தில், பல்கலைக்கழகத்தின் பணத்தில், பல்கலைக்கழகத்திடம் சம்பளம் வாங்கும் ஊழியர்களைக் கொண்டு நடப்பது அது. ஆயினும் அந்தப் பல்கலைக்கழகத்தையே கேள்வி கேட்பது அதன் முக்கியமான கடமைகளுள் ஒன்று. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறார்கள் என்று நிர்வாகத்தாரும், நிர்வாகத்துக்கு விலைபோய்விட்டார்கள் என்று மாணவிகளும் ஒரே சமயத்தில் குறைகூறக்கூடிய இந்த விசித்திரமான நிலைமையை மனத்தில் கொள்ளாவிட்டால், இம்மையங்களின் சரித்திரம் பாதிக்குமேல் விளங்காது.

தோற்றம்

இவ்வகை மையங்களுள் முதலாவதாகக் கருதப்படுவது, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1960-இல் ஏற்பட்டது. எலிசபெத் கிளெஸ், வர்ஜீனியா செண்டர்ஸ் என்னும் இருவர் வகுத்து, கார்னெகி அறக்கட்டளையின் நிதியுதவியோடு தொடங்கிய ‘மின்னசோட்டா திட்டம்’, விவாகத்தின் பொருட்டுப் படிப்பைப் பாதியில் விட்டு, குழந்தைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பிறகு மீண்டும் கல்வியை நாடும் பெண்களை உத்தேசித்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1964-இல் அமைந்த தொடர்கல்வி மையமும் அதே நோக்கமுடையது. பகுதிநேரப் படிப்புக்கு அனுமதி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு, உபகாரச் சம்பளம், எந்தப் பாடத்தை எடுத்தால் எந்த உத்தியோகம் கிடைக்கும் என்னும் யோசனை ஆகியவையே அவற்றின் அலுவல்; கிளர்ச்சிக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

நிலைமை ஒரு பத்தாண்டுக்குள் மாறிற்று. கறுப்பினத்தாரின் குடியுரிமை இயக்கத்திலும் வியட்நாம் போர் எதிர்ப்பிலும் உழைத்துப் பழகிய இளம்பெண்கள், அந்த இயக்கங்களுக்குள்ளேயே தாங்கள் தட்டச்சு செய்யவும் காப்பி கலக்கவும் மட்டும் அழைக்கப்படுவதைக் கண்டு மனம் கசந்து, தனியே கூடிப் பேசத் தலைப்பட்டனர். 1970-இல் சான் டியாகோ அரசுக் கல்லூரியில் பெண்ணியல் ஒரு பாடத்திட்டமாகவே ஏற்கப்பட்டது. 1972 ஜூன் 23 அன்று குடியரசுத் தலைவர் நிக்ஸன் கையெழுத்திட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிலையமும் பால் காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்று விதித்தது. ‘டைட்டில் நைன்’ என்றே எல்லாரும் வழங்கும் இச்சிறு பிரிவு, விளையாட்டு மைதானத்துக்கென்று எழுதப்பட்டதுபோல் பின்னாளில் பேசப்பட்டாலும், மகளிர் மையங்கள் தம் கோரிக்கைகளைச் சட்டத்தின் பாஷையில் எழுத அதுவே துணையாயிற்று.

இரண்டு போராட்டங்கள்

1971 மார்ச் 6 அன்று, சர்வதேச மகளிர் தினத்தை ஒட்டிப் பாஸ்டன் பகுதிப் பெண்கள் நடத்திய ஊர்வலம், கேம்பிரிட்ஜ் நகரில் எதிர்பாராத விதமாகத் திரும்பி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான மெமோரியல் டிரைவ் 888-ஆம் எண் கட்டடத்துக்குள் புகுந்தது. பெண்களுக்கு ஒரு மையம் வேண்டும்; அக்கம்பக்கத்து ரிவர்சைட் பகுதியில் வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு, அவருள் பெரும்பாலோர் கறுப்பினத்தார், வீடுகள் கட்டித்தர வேண்டும் என்பன கோரிக்கைகள். பத்து நாள் அக்கட்டடம் அவர்கள் வசமிருந்தது. பல்கலைக்கழகம் கட்டடத்தைக் கொடுக்கவில்லை. ஆனால் ராட்கிளிஃப் கல்லூரியோடு தொடர்புடைய சூசன் லைமன் என்னும் சீமாட்டி அளித்த 5,000 டாலரை முதலாகக் கொண்டு பிளெஸண்ட் தெருவில் 46-ஆம் எண் வீடு வாங்கப்பட்டு, அங்கே கேம்பிரிட்ஜ் மகளிர் மையம் எழுந்தது. பாஸ்டன் பகுதியின் பலாத்கார நெருக்கடி உதவி நிலையம் 1973-இல் பிறந்தது அவ்வீட்டில்தான். ஹார்வர்ட் கல்லூரி தனக்கென்று ஒரு மகளிர் மையம் அமைக்க 2006 வரை காலம் எடுத்துக்கொண்டது. அதற்கும் கிடைத்தது கானடே ஹால் விடுதியின் நிலவறை.

பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் விரிவாகச் சொல்லத்தக்கது. 1973-இன் வசந்த காலத்தில் வளாகத்தைச் சுற்றிய பகுதிகளில் பலாத்காரச் சம்பவங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்து வந்தன. மார்ச் மாதக் கடைசியில் செவிலியர் கல்வி பயின்ற மாணவியர் இருவர் கும்பல் ஒன்றினால் பலாத்காரத்துக்கு ஆளானபோது பொறுமை எல்லை கடந்தது. தனியே நடக்காதீர்கள், உடையில் அடக்கம் காட்டுங்கள் என்னும் தோரணையிலேயே பாதுகாப்புத் தரப்பின் புத்திமதி அமைந்தது என்று, அப்போது அங்கிருந்தோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். ஏப்ரல் தொடக்கத்தில் மாணவிகளும் ஆசிரியைகளும் அலுவலக ஊழியர்களும் சேர்ந்து, நிர்வாகத்தின் தலைமை இடமான காலேஜ் ஹாலில் அமர்ந்துவிட்டனர். நான்கு நாள் நீடித்த அந்த உள்ளிருப்புப் போராட்டத்தில் கவனிக்கத்தக்க அம்சம், கோரிக்கைகள் கோஷமாக அல்லாமல் காரியப் பட்டியலாக இருந்தமையே: இருண்ட பாதைகளில் விளக்கு, இரவுப் பேருந்து, தற்காப்புப் பயிற்சி, பாதுகாப்புத் துறையில் பெண்களின் பிரச்சினைகளுக்கென்று ஓர் அலுவலர், இவற்றோடு ஒரு மகளிர் மையம். மார்ட்டின் மேயர்சனைத் தலைவராகக் கொண்டிருந்த நிர்வாகம் அவற்றில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டே மையமும் பெண்ணியல் பாடத்திட்டமும் தோன்றின.

அப்போராட்டத்தின் முன்னணியில் நின்ற கேரல் டிரேசி, பகலில் அப்பல்கலைக்கழகத்தில் காரியதரிசியாக வேலைபார்த்து மாலையில் படித்துவந்தவர். அதாவது, பேராசிரியர்களின் கடிதங்களைத் தட்டச்சு செய்த கைகளே பல்கலைக்கழகத் தலைவருக்கான கோரிக்கைகளையும் எழுதின. அவர் சில ஆண்டுகளுக்குப் பின் அம்மையத்துக்கே இயக்குநரானார். பின்னர் வழக்கறிஞராகிப் பெண்கள் சட்டத் திட்டம் என்னும் அமைப்பை வழிநடத்தி, அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 1920-களிலிருந்து தன் குற்றக் கணக்கெடுப்பில் வைத்திருந்த மிகக் குறுகிய பலாத்கார வரையறையை மாற்றுவதற்குப் பல்லாண்டு வாதாடினார். 2012 ஜனவரியில் அந்த மாற்றம் அறிவிக்கப்பட்டது. ஒரு கல்லூரி மண்டபத்தின் தரையில் தொடங்கிய காரியம் தேசத்தின் புள்ளிவிவரப் படிவம் வரை சென்றது என்பது, இத்தகைய மையங்களை வெறும் தேநீர்க் கூடம் என்று எண்ணுவோர் அறியவேண்டிய செய்தி.

பென்சில்வேனியா மையம் 1996-இல் லோகஸ்ட் வாக் என்னும் வளாகத்தின் நடுவீதிக்கு வந்தது. அவ்வீதியின் இருமருங்கும் நெடுங்காலமாக ‘ஃப்ரெடர்னிட்டி’ எனப்படும் ஆண் மாணவர் சங்கங்களின் வீடுகள் நிறைந்திருந்தன. பெண்கள் இரவில் அஞ்சிக் கடந்த பாதை அது. அத்தகைய சங்கம் ஒன்று குடியிருந்த வீட்டிலேயே மகளிர் மையம் குடிபுகுந்தது.

நிகழ்ச்சிகள்

மையங்களின் ஆண்டு நிரலில் தலையாயது ‘டேக் பேக் தி நைட்’ என்னும் இரவு ஊர்வலம். 1975 அக்டோபரில், பிலடெல்பியாவில், தன் வீட்டுக்கு அருகிலேயே கொலையுண்ட இளம் விஞ்ஞானி ஒருவரின் நினைவாக நடந்த ஊர்வலத்தை அதன் ஆரம்பங்களுள் ஒன்றாகச் சொல்வர். இங்கிலாந்தில், தொடர்கொலைகளுக்கு அஞ்சிப் பெண்கள் இரவில் வெளியே வரவேண்டாம் என்று போலீசார் அறிவுறுத்தியதை எதிர்த்து, 1977 நவம்பர் 12 அன்று லீட்ஸ் முதலிய நகரங்களில் பெண்கள் திரண்டனர். 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பேரூர்வலத்துக்குப் பின் கல்லூரிகள்தோறும் இவ்வழக்கம் பரவிற்று. பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில், பொழுது சாய்ந்த பின், மெழுகுவத்தியும் விசிலும் கையிலேந்தி, வாகனம் நிறுத்துமிடம், நூலகத்தின் பின்புறம், மாணவர் சங்க வீடுகள் உள்ள தெரு என்று, தனியே நடக்கத் தயங்கும் இடங்களை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துக் கூட்டம் நடக்கும். ஊர்வலத்தைவிடக் கனமானது, அது முடிந்தபின் புல்வெளியில் நடக்கும் திறந்த கூட்டம். ஒலிபெருக்கி முன் யார் வேண்டுமாயினும் வந்து தனக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. புகைப்படம் எடுக்க அனுமதியில்லை. சொல்லி முடித்தவர் தடுமாறினால் அழைத்துச் சென்று உட்கார வைக்க ஆலோசகர் ஒருவர் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். யாரும் முன்வராத நிமிஷங்களும் உண்டு. அனுபவமுள்ள அமைப்பாளர்கள் அந்த மௌனத்தைப் பாட்டுப் போட்டு நிரப்பமாட்டார்கள்.

மற்றொன்று ‘கிளாத்ஸ்லைன் பிராஜெக்ட்’ என்னும் துணிக்கொடிக் காட்சி. 1990 அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹையானிஸ் ஊரில் 31 சட்டைகளோடு தொடங்கியது இது. எய்ட்ஸ் நோயால் மாண்டோருக்காகத் தைக்கப்பட்ட நினைவுப் போர்வை இதற்குத் தூண்டுதல். அடிபட்ட பெண், தன் கையாலேயே ஒரு டி-ஷர்ட்டின்மீது எழுதியோ வரைந்தோ தைத்தோ கொடியில் தொங்கவிடுவாள். கொலையுண்டவளின் பொருட்டு அவளுடைய தாயோ தோழியோ அதைச் செய்வர். மாண்டவருக்கு வெள்ளை, பலாத்காரத்துக்கு ஆளானவருக்குச் சிவப்பு, இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு, வீட்டில் அடிபட்டவருக்கு மஞ்சள், குழந்தைப் பருவத்தில் சீரழிக்கப்பட்டவருக்கு நீலம் அல்லது பச்சை, ஓரினக் காதலின் காரணமாகத் தாக்கப்பட்டவருக்கு ஊதா என்று நிறங்கள் வகுக்கப்பட்டுள்ளன. காட்சிக்குச் சில நாள் முன்பே மையத்தில் ஒரு மேசை போடப்பட்டு, துணிச்சாயமும் தூரிகையும் கத்தரிக்கோலும் வைக்கப்படும். சிலர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு தேதியை எழுதிவிட்டுப் போவதுண்டு. சட்டைகள் ஆண்டு முடிவில் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டு, மறு ஆண்டு புதியவற்றோடு மீண்டும் ஏறுவதால், பட்டம் பெற்றுப் போய்விட்ட பெண்ணின் எழுத்தை அவளை ஒருகாலும் அறியாத மாணவி நின்று வாசிக்கிறாள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆட்கள் முற்றிலும் மாறிவிடும் கலாசாலையில், ஞாபகத்தைச் சேர்த்து வைக்க இதைக் காட்டிலும் எளிய உபாயம் கிடைப்பது அரிது.

ஈவ் என்ஸ்லர் எழுதிய ‘தி வஜைனா மோனோலாக்ஸ்’ நாடகத்தைப் பிப்ரவரியில் மாணவிகளே நடித்து, வசூலை உள்ளூர்ப் புகலிடங்களுக்கு அளிக்கும் வழக்கம், 1998-இல் தொடங்கிய ‘வி-டே’ இயக்கத்தால் வந்தது. இவற்றுக்கு அப்பால், சொற்பொழிவு, திரைப்படம், சம்பளம் பேசி வாங்கும் பயிற்சி, தாய்ப்பால் எடுத்து வைக்கும் அறை முதலியன பல.

இரகசியமும் கடமையும்

மையத்தின் அன்றாட வேலை நிகழ்ச்சிகளல்ல. கதவைத் தட்டும் ஒருத்தியை உள்ளே அழைத்து உட்கார வைப்பதே. இங்கேதான் மையத்தின் இரட்டை நிலை கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. 2011 ஏப்ரலில் மத்திய கல்வித் துறை விடுத்த சுற்றறிக்கை, பாலியல் வன்முறைப் புகார்களைக் கல்லூரிகள் துரிதமாக விசாரிக்க வேண்டும் என்று வற்புறுத்திற்று. அதைத் தொடர்ந்து, தாம் கேள்விப்பட்ட எதையும் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கும் கடமை பல்கலைக்கழக ஊழியர் பெரும்பாலோர்மீது சுமத்தப்பட்டது. சில இடங்களில் மகளிர் மையத்தின் ஆலோசகர்களுக்கு இரகசியம் காக்கும் உரிமை எழுத்து மூலமாக அளிக்கப்பட்டது. வேறு சில இடங்களில் அவர்களும் தெரிவிக்கக் கடமைப்பட்டோரின் பட்டியலிலேயே இருந்தனர். அத்தகைய இடத்தில், வந்தவள் வாயைத் திறக்குமுன், “நீங்கள் சொல்வதை நான் மேலே சொல்ல வேண்டியிருக்கும்” என்று முதலில் எச்சரித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். எச்சரிக்கையைக் கேட்டபின் எழுந்து போய்விடுகிறவளும் உண்டு. 2017-இல் அச்சுற்றறிக்கை திரும்பப் பெறப்பட்டது. 2020-இல் வேறு விதிகள் வந்தன. ஆட்சி மாறுந்தோறும் விதி மாறுவதால், மையத்தார் தம் துண்டுப்பிரசுரங்களை அடிக்கடி புதிதாக அச்சிட வேண்டியவராயினர்.

உள்விவாதங்கள்

வெளியாரோடு வாதாடிய அளவுக்கு மையங்கள் தமக்குள்ளேயும் வாதாடியுள்ளன. இரவு ஊர்வலத்தில் ஆண்கள் உடன் நடக்கலாமா, ஓரத்தில் நின்று ஆதரிக்கலாமா, வரவே கூடாதா என்பது பல வளாகங்களில் ஆண்டுதோறும் எழுந்த கேள்வி. கறுப்பினப் பெண்களும் பிற சிறுபான்மைப் பெண்களும், மையம் என்பது நடுத்தர வர்க்க வெள்ளையரின் வரவேற்பறையாகவே இருப்பதாகவும், காவலர் அதிகம் வேண்டும் என்று கேட்பது தங்கள் சகோதரர்களின் தலையிலேயே விடியும் என்றும் கூறிய ஆட்சேபம் நியாயமானது. அதற்கு எல்லா மையங்களும் செவிசாய்த்தன என்று சொல்ல இயலாது. நியூயார்க் பர்னார்ட் கல்லூரியின் மகளிர் மையம் 1982-இல் பாலுணர்வு குறித்து நடத்திய மாநாட்டில், ஆபாச இலக்கியத்தை எதிர்த்த பெண்ணியர் வாசலில் மறியல் செய்ய, மாநாட்டுக்கென்று அச்சிட்ட குறிப்பேட்டைக் கல்லூரி நிர்வாகமே பறிமுதல் செய்தது. மவுண்ட் ஹோலியோக் கல்லூரி மாணவிகள் ‘தி வஜைனா மோனோலாக்ஸ்’ நாடகம் திருநங்கையரை உள்ளடக்கவில்லை என்று கருதி 2015-இல் அதை நடத்துவதை நிறுத்தினர். பால் சமத்துவ மையம் என்று சில இடங்களில் பெயரே மாறியது இவ்விவாதங்களின் விளைவு.

அண்மைக் காலம்

பல இனத்தாரும் பாலினரும் சமமாக இடம்பெறுவதற்கென்று கல்வி நிலையங்களில் அமைந்த பன்மைத்துவ அலுவலகங்களைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டங்கள் 2023 முதல் வந்ததால், மையங்கள் சில மூடப்பட்டன. யூட்டா பல்கலைக்கழகத்தில் 1971 முதல் இயங்கிய மகளிர் மையம், அம்மாநிலத்தின் புதிய சட்டத்தை ஒட்டி, கறுப்பினப் பண்பாட்டு மையத்தோடு சேர்த்து 2024-இல் மூடப்பட்டது. டெக்சாஸ் மாநிலத்தில் 2024 ஜனவரி முதல் அமலுக்கு வந்த இத்தகைய சட்டம், பதிவுபெற்ற மாணவர் சங்கங்களின் நடவடிக்கைகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஆகவே, ஊர்வலம் நடத்தவும் சட்டைகளைக் கொடியில் தொங்கவிடவும் அச்சட்டத்தில் தடை ஏதும் இல்லை. சட்டைப் பெட்டியை வைத்துக்கொள்ள ஓர் அறையும், கதவைத் தட்டுகிறவளுக்குத் திறக்கச் சம்பளம் பெறும் ஓர் ஆளும் வேண்டுமானால், மாணவர் சங்கமே அவற்றைத் தேடிக்கொள்ள வேண்டும்.