டைனமோவில் பேசிய வானொலி

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பில் தொடங்கியது. 1939இல் திருச்சி வானொலி நிலையம் தோன்றியபின், யாழ்ப்பாணத்தவருக்குக் கடலுக்கு அப்பாலிருந்தும் தமிழ்க் குரல் கிடைத்தது. அந்நாளைய வானொலிகள் வால்வு வானொலிகள். வால்வுகள் சூடேறும்வரை காத்திருந்தால்தான் குரல் எழும். 1954இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. காலப்போக்கில் இங்கும் மரப்பெட்டி மூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் அகப்பட்டன. அப்போது பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவனாக இருந்த எனக்கும், எம் வாசகருக்கும் வெளியுலகச் செய்தி என்றால் வானொலிதான். லண்டன் பிபிசி தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாசும் இல்லாத இரவு, இருண்ட இரவு. எங்கே குண்டு விழுந்தது, பேச்சுவார்த்தை நடக்குமா என்பவை பொழுதுபோக்குக் கேள்விகள் அல்ல. பெட்டி கட்டுவதா, வீட்டில் இருப்பதா என்பதை அவை தீர்மானித்தன.

வழி கண்டவர்கள் சாதாரண மனிதர்கள். சைக்கிளைப் பெரிய ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலைச் சுழற்றுவார்கள். டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட் மாறுமின்னோட்டம். பழுதான கருவிகளில் கழற்றிய டயோட்டுகளால் அதை நேர்மின்னோட்டமாக்கி, கொண்டென்சரால் இரைச்சலைத் தணித்து, டிரான்சிஸ்டர் வானொலிக்குக் கொடுத்தார்கள். சிரட்டைக் கரி நெருப்பில் காய்ச்சிய கோலால் ஈயம் பற்றவைத்தார்கள்.

வால்வு வானொலிக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. இஎல்84 என்ற ஒரு வால்வைச் சூடாக்கவே ஏறத்தாழ 4.8 வாட் வேண்டும். அதற்குமேல் இருநூறு வோல்ட்டைத் தாண்டிய மின்னழுத்தமும் வேண்டும். ஆகவே தாத்தாமாரின் மரப்பெட்டிகள் மௌனமாயின.

இந்த வேலையில் சிரிப்புக்குக் குறைவில்லை. மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேயும். "என்ன தம்பி, லண்டனுக்குப் போற வழியில ஏத்தம் வந்திட்டுதோ?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்பார். யாழ்ப்பாணத்தில் ஏற்றமே கிடையாது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பகிடி விளங்கும். வேகம் கூடினால், "மெதுவா மிதியடா, ரேடியோ எரியப் போகுது" என்று இன்னொரு குரல். முதன்முதலாக ஈயம் பற்றவைத்துக் கையைச் சுட்டுக்கொண்ட பொடியனிடம், "இனி நீயும் மெக்கானிக்தான்" என்பார் மூத்தவர். ஏளனமும் ஊக்கமும் ஒரே வாக்கியத்தில் வரும். ஆளுக்கு ஐந்து நிமிடம் என முறைவைத்து மிதித்தார்கள். அச்சத்தைத் தனியே சுமக்காதிருக்க அந்த முறை உதவியது.

1995 அக்டோபர் 30இல் வலிகாமம் பெயர்ந்தது. கைக்கு அடங்கிய டிரான்சிஸ்டர்கள் மக்களோடு போயின; பாரமான மரப்பெட்டிகள் வீடுகளிலேயே நின்றன. 2017 ஏப்ரல் 30உடன் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் முடிந்தது.

இன்று புலம்பெயர் நாடுகளில் வால்வு வானொலிகளைத் தேடி வாங்கித் திருத்துவோர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுற்றுப்பட வரைபடங்கள் கிடைக்கின்றன. எங்கள் ஊர்த் திருத்துநர்களின் சுற்றுப்படமோ எந்தத் தாளிலும் இல்லை. அவர்கள் நினைவில் மட்டும் உள்ளது. அவர்களுக்கு வயதாகிவிட்டது. போர்க்காலம் பற்றி நிறைய எழுதிவிட்டோம். பெடல் மிதித்தவரையும் ஈயம் பற்றவைத்தவரையும் கேட்டு எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே உண்டு. உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால், இந்த வாரமே போய்க் கேளுங்கள்.