காரின் சில்லு சிறுத்ததும் பெருத்ததும்

மோட்டார் காரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். ஆயினும், காரைத் தரையோடு இணைப்பவை நான்கு ரயர்கள் மாத்திரமே. இயந்திரத்தின் வலு, பிறேக்கின் பிடி, சுக்கானின் திருப்பம் யாவும் உள்ளங்கையளவான நான்கு றப்பர்த் துண்டுகளின் வழியாகவே வீதியைச் சென்றடைகின்றன. அந்த ரயரின் அளவை மாற்றினால் என்ன நேரும்? இக்கேள்விக்குக் கடந்த நூறாண்டு வரலாறு பல தடவைகள் விடையளித்திருக்கிறது.

காற்றடைத்த ரயருக்கு முதலில் உரிமம் பெற்றவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த றொபேர்ட் வில்லியம் தொம்சன். ஆண்டு 1845. உலகம் அதனை மறந்துவிட்டது. 1888இல் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த மிருக வைத்தியர் ஜோன் பொய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சில்லு வண்டிக்காக அதனை மீளக் கண்டார். 1895இல் பாரிஸ் - போர்தோ - பாரிஸ் ஓட்டப் போட்டியில், பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் காற்று ரயர் பூட்டிய காரை ஓட்டிக் காட்டினர். வழி நெடுக ரயர்கள் காற்றுப் போயின. கார் மிகப் பிந்தியே வந்து சேர்ந்தது. எனினும், காருக்கும் காற்று ரயர் பொருந்தும் என்பது அன்று நிரூபணமாயிற்று.

இதே காலத்தில் நமது தீவும் இக்கதைக்குள் நுழைகிறது. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளில் முளைத்த றப்பர்க் கன்றுகள், 1876இல் கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. பின்னாளில் கார் பெருகப் பெருக, இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்கள் விரிந்தன. அத்தோட்டங்களில் பால் வெட்டியவர்களுள் பெருந்தொகையினர் தமிழ்த் தொழிலாளர்கள். ரயரின் வரலாற்றில் அவர்களது வியர்வையும் கலந்திருக்கிறது.

ஆரம்ப காலக் கார்களின் சில்லுகள் உயரமானவை, ரயர்களோ ஒடுக்கமானவை. 1908இல் வெளிவந்த போர்ட் ‘ரி’ மாதிரிக் காரின் ரயர் வெளிவிட்டம் 30 அங்குலம்; பின் ரயரின் அகலம் மூன்றரை அங்குலம் மாத்திரமே. சேறும் குழியும் நிறைந்த அக்காலப் பாதைகளுக்கு உயர்ந்த சில்லு வேண்டியிருந்தது. ஒடுங்கிய ரயர் பாரத்தைத் தாங்குவதற்கு அதனுள் மிகுந்த அழுத்தத்தில் காற்றடைக்க வேண்டியிருந்தது. பயணிகளின் முதுகெலும்புதான் அதற்கு விலை கொடுத்தது.

1923இல் அமெரிக்காவின் பயர்ஸ்ரோன் நிறுவனம் ‘பலூன்’ ரயரை அறிமுகம் செய்தது. அகலம் கூடியது, காற்றழுத்தம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கார் மெத்தையில் போவதுபோல் போயிற்று. ஆனால், சிறிது காலத்திலேயே புதியதொரு நோய் தலைகாட்டியது. குறிப்பிட்ட வேகத்தை அடைந்ததும் முன்சில்லுகள் இரண்டும் இடமும் வலமுமாக உதறத் தொடங்கின. சுக்கான் கையில் நில்லாமல் துடித்தது. ஒரே அச்சில் கோத்த முன்சில்லுகளுக்கு மென்மையான ரயரும், அக்காலத்தில் புதிதாகச் சேர்ந்த முன்பிறேக்கின் பாரமும் ஒத்துவரவில்லை. பொறியியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் இதனோடு மல்லாடினார்கள். ஒவ்வொரு முன்சில்லும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் தொங்கலமைப்பே இறுதியில் மருந்தாயிற்று. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தில் மொறிஸ் ஒல்லி என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் இதற்காக உழைத்தார். 1934இல் கடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபில் கார்கள் அந்த அமைப்போடு சந்தைக்கு வந்தன. ரயர் மாறிப் பத்தாண்டு கழிந்த பின்னரே, கார் அதற்கேற்ப மாறி முடிந்தது.

ஒல்லியின் வழியை நன்கு கற்றவர் அலெக் இசிகோனிஸ். இவர் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. இலங்கைத் தெருக்களில் அதனைக் காணாதவர் யார்? 16, 17 அங்குலச் சில்லுகள் வழக்கிலிருந்த காலத்தில் இசிகோனிஸ் 14 அங்குலச் சில்லைத் தெரிந்தார். சில்லு சிறுத்ததால் காரின் பாரம் தாழ்ந்தது. உள்ளே இடம் கூடியது. வளைவுகளில் கார் வீதியைக் கவ்விப் பிடித்தது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் குடிபுகுந்த ஒஸ்ரின் ஏ-40 கார்கள் 16 அங்குலச் சில்லில் ஓடியவை. 1990களின் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடி யாழ்ப்பாணத்தைச் சுமந்தவையும் அவைதாம். எரிபொருளை மாற்ற அங்குள்ள கம்மியர்களின் கைத்திறன் வழிகண்டது. சில்லின் அளவோ அப்படி வளைந்து கொடுப்பதன்று. மைனரின் ரயர் ஏ-40இன் சில்லில் ஏறாது.

சூயஸ் நெருக்கடியால் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதைத் தொடர்ந்து இசிகோனிஸ் ‘மினி’ காரை வரைந்தார். 1959இல் வெளிவந்த அதன் மொத்த நீளம் பத்து அடி. அதற்குள் நால்வர் அமர வேண்டுமாயின் சில்லுக்கு ஒதுக்கும் இடத்தைக் குறைத்தேயாக வேண்டும். டன்லப் நிறுவனம் 10 அங்குலச் சில்லுக்கான ரயரைத் தனியே தயாரித்துக் கொடுத்தது. இடம் கிடைத்தது, ஆனால், கடன் வேறிடத்தில் ஏறியது. மைனரின் ரயர் ஒரு மைலுக்கு 850 தடவையளவில் சுழன்றால், மினியின் ரயர் ஆயிரம் தடவையளவில் சுழல வேண்டும். சூடும் தேய்வும் கூடும். சிறிய சில்லுக்குள் பெரிய பிறேக் அடங்காது. 1984இல் சாதாரண மினிகள் 12 அங்குலச் சில்லுக்கு மாறிய பின்னரே, அவற்றின் முன்புறத்தில் 8.4 அங்குலத் தட்டு பிறேக்குகளைப் பொருத்த முடிந்தது. வெளியே துருத்திய ரயரை மறைப்பதற்கு மட்காட்டின் விளிம்பையும் நீட்ட வேண்டியதாயிற்று. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1946இல் மிஷலின் உரிமம் பெற்ற ரேடியல் ரயர் பரவிய பின்னர் கதை திசை திரும்பியது. பக்கச் சுவர் குட்டையான, அகன்ற ரயர்களைச் செய்ய முடிந்தது. 1970களில் பந்தயக் கார்களில் தொடங்கிய மோகம் பின்னர் வீட்டுக் கார்களையும் தொற்றிக்கொண்டது. அன்று சிறுத்த சில்லு இன்று மீண்டும் பெருத்துவிட்டது.

இனி நம் காருக்கு வருவோம். 175/70 ஆர் 13 என்று எழுதியிருந்தால், அகலம் 175 மில்லிமீற்றர்; பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 70 வீதம்; சில்லின் விட்டம் 13 அங்குலம். மொத்த விட்டம் 575 மில்லிமீற்றர். அதற்குப் பதிலாக 185/60 ஆர் 14 பூட்டினால் விட்டம் 578. வித்தியாசம் அரை வீதமும் இல்லை. சில்லு ஓரங்குலம் கூடினால் பக்கச் சுவர் அதற்கேற்பக் குறைய வேண்டும் என்பதே இதன் சூத்திரம். அதைவிடுத்து 185/70 ஆர் 14 பூட்டினால் விட்டம் 615 ஆகிவிடும். ஏறத்தாழ 7 வீதம் அதிகம்.

அந்த 7 வீதம் என்ன செய்யும்? வேகமானி 60 காட்டும்போது, அது முன்னர் சரியாகக் காட்டியதாயின், கார் உண்மையில் 64இல் ஓடும். ஐரோப்பாவில் நடைமுறையிலுள்ள ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதியின்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டலாகாது. ஓடிய தூரமும் குறைவாகவே பதியும். கியர் விகிதம் உயர்ந்துவிடுவதால் கடுகண்ணாவை ஏற்றத்தில் இயந்திரம் திணறும். சில்லு பெரிதாகையால் அதே பிறேக் அதனை நிறுத்த அதிகம் பிடிக்க வேண்டும். சுக்கானை முழுதாக ஒடித்தால் ரயர் மட்காட்டில் உரசலாம். விட்டம் மாறாமல் அகலம் மட்டும் கூடினாலும் சுக்கான் கனக்கும். மாரி காலத்தில், தேங்கிய நீரின்மேல் ரயர் மிதந்து வழுக்கும் அபாயமும் கூடும். பக்கச் சுவர் குட்டையானால் வீதிக் குழியின் அடியைச் சில்லின் விளிம்பே வாங்கும்.

1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 2020 தொடக்கம் 2025 வரை நீடித்த வாகன இறக்குமதித் தடையும் நம்மவரைப் பழைய கார்களோடு வாழப் பழக்கியிருக்கின்றன. கிடைத்ததைப் பூட்டி ஓடுவது நமக்குப் பெருமையாகவும் இருந்திருக்கிறது. அந்தப் பெருமையை ரயரிடம் மட்டும் காட்டலாகாது. காரின் கதவோரத்திலோ கைந்நூலிலோ அதற்குரிய ரயர் அளவு அச்சிடப்பட்டிருக்கும். ரயர்க் கடையில் அரை மணித்தியாலத்தில் அந்த எண்ணை மாற்றிவிடலாம். பலூன் ரயருக்கேற்பக் காரை மாற்றி முடிக்க, தேர்ந்த பொறியியலாளர்களுக்குப் பத்தாண்டுகள் தேவைப்பட்டன.