மலாயாவா, தென்கிழக்காசியாவா? சிங்கப்பூரின் வட்டாரம் பற்றிய நெடுநாள் வழக்கு

சிங்கப்பூர் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது என்று பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால், தென்கிழக்காசியா என்று உடனே பதில் வரும். அதே வீட்டிலுள்ள தாத்தா, “நான் மலாயாவில் பிறந்தவன்” என்பார். அவர் பிறந்தது தஞ்சோங் பகாராகவும் இருக்கலாம், ஜோகூரின் ரப்பர் தோட்டமாகவும் இருக்கலாம். அந்தக் காலத்தில் இரண்டும் மலாயாதான்.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. யார் குடிமகன், யாருக்கு வேலை, உறவினரைப் பார்க்கக் கடப்பிதழ் தேவையா என்பவற்றை எல்லாம் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்த அரசியல்தான் முடிவு செய்தது.

பார்ப்பவர் நிற்கும் இடம்

சீனாவிலிருந்து வந்தவர்கள் இப்பகுதியை ‘நன்யாங்’ என்றனர். தென்கடல் என்பது அதன் பொருள். மலாய் உலகத்துக்கு இது ‘நுசாந்தாரா’ தீவுக்கூட்டத்தின் ஒரு பகுதி. லண்டனில் இருந்தவர்களுக்குத் தூரக்கிழக்கு. தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்களுக்குக் கடலுக்கு அப்பால் உள்ள கிழக்கு. தீவு இருந்த இடத்திலேயே இருந்தது. பெயர் வைத்தவர்கள் நின்ற இடம்தான் வேறு.

கல்கத்தாவின் கீழ்

1826ஆம் ஆண்டில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் ஒன்றாக்கப்பட்டன. 1867 ஏப்ரல் 1ஆம் தேதி லண்டனின் நேரடிப் பொறுப்பில் வரும்வரை அவை பிரிட்டிஷ் இந்திய ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. சிங்கப்பூருக்கான முடிவுகள் கல்கத்தாவில் எடுக்கப்பட்டன. அரசாங்கக் கணக்குகள் இந்திய ரூபாயில் எழுதப்பட்டன. இந்தியக் கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டுச் சாலைகளையும் கட்டடங்களையும் கட்டினர். அந்நாளைய நிர்வாக வரைபடத்தில் சிங்கப்பூர் இந்தியாவின் கிழக்குக் கோடி.

ஒரே மலாயா

1924ல் ஜோகூர் கடற்பாலம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 1932ல் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1921, 1931, 1947ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் சிங்கப்பூரையும் தீபகற்பத்தையும் சேர்த்தே எடுக்கப்பட்டன. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் தம்பி துறைமுகத்தில் மூட்டை சுமந்தால், அவர் வேறு நாட்டில் வேலை பார்ப்பதாக யாரும் எண்ணவில்லை.

1946ல் பிரிட்டன் மலாயன் யூனியனை அமைத்தபோது சிங்கப்பூரைச் சேர்க்காமல் தனிக் குடியேற்ற நாடாக்கியது. சிங்கப்பூரையும் உள்ளடக்கிய ஒரே மலாயா வேண்டும் என்று அகில மலாயாக் கூட்டு நடவடிக்கை மன்றம் போராடியது. மலாயா இந்தியர் காங்கிரஸ் அதில் அங்கம் வகித்தது. 1947 அக்டோபர் 20ஆம் தேதி மலாயாவிலும் சிங்கப்பூரிலும் முழுக் கடையடைப்பு நடந்தது. பிரிட்டன் தன் முடிவை மாற்றவில்லை.

கடற்பாலம் தாண்டிய தமிழ்த்துறை

தமிழர்களை இந்தப் பிரிவினை நேரடியாகத் தொட்ட ஓர் இடம் பல்கலைக்கழகம். மலாயாப் பல்கலைக்கழகம் 1949ல் தொடங்கப்பட்டது சிங்கப்பூரில்தான். அதன் இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கே முதன்மை வேண்டும் என்று, ‘தமிழ் முரசு’ நிறுவனர் கோ. சாரங்கபாணி முன்னின்று ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். நகரத் தமிழரும் தோட்டத் தமிழரும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தனர். 1956ல் சிங்கப்பூரில் தொடங்கிய அத்துறை 1959ல் கோலாலம்பூருக்கு மாறியது. 1962ல் பல்கலைக்கழகமே இரண்டாகப் பிரிந்தது. மலாயா ஒன்றே என்று நம்பிக் கொடுத்தவர்களின் உழைப்பு, எல்லைக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

சேர்ந்ததும் பிரிந்ததும்

1962 செப்டம்பர் 1ஆம் தேதி இணைப்பு குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. மூன்று தெரிவுகளும் இணைப்பின் விதம் பற்றியவை. வேண்டாம் என்று சொல்ல இடமில்லை. அரசு ஆதரித்த தெரிவுக்கு சுமார் 71 விழுக்காடு வாக்குகள் கிடைத்தன. ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெற்று வாக்குச்சீட்டைப் போட்டார். 1963 செப்டம்பர் 16ஆம் தேதி மலேசியா பிறந்தது. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிங்கப்பூர் பிரிந்தது.

அதன் பின்னரே அன்றாட வாழ்க்கை மாறியது. குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. 1967ல் கடற்பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்தது; அதே ஆண்டில் நாணயமும் தனித்தனியானது. அக்காள் ஜோகூரிலும் தங்கை சிங்கப்பூரிலும் இருந்த குடும்பங்கள் ஒரே தலைமுறையில் இரு நாட்டுக் குடும்பங்களாயின.

போர் தந்த பெயர்

தென்கிழக்காசியா என்ற பெயர் பரவலானது இரண்டாம் உலகப் போரின்போதுதான். 1943ல் நேச நாடுகள் மவுண்ட்பேட்டன் தலைமையில் தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தை அமைத்தன. 1944ல் அது இலங்கையின் கண்டிக்கு மாறியது. அன்று அந்தப் படை வட்டாரத்துக்குள் இருந்த இலங்கை இன்று தெற்காசியா. சிங்கப்பூர் மட்டும் அந்தப் பெயருடன் நிலைத்துவிட்டது.

1967 ஆகஸ்ட் 8ஆம் தேதி பேங்காக்கில் ஆசியான் அமைப்பு உருவானபோது, சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, தந்தை வேலை பார்த்த மலாயாவின் ரப்பர் தோட்டச் சூழலில் வளர்ந்த தமிழர் அவர். மலாயாவுடன் இணைய வேண்டும் என்று வாதிட்டவர்களில் ஒருவர். அவரே 1972ல், சிங்கப்பூர் ஓர் ‘உலக நகரம்’, உலகமே அதற்குப் பின்னிலம் என்று உரையாற்றினார்.

தீராத வழக்கு

தென்கொரியா, தைவான், ஹாங்காங்குடன் சிங்கப்பூரையும் சேர்த்து ‘ஆசியாவின் நான்கு புலிகள்’ என்று பொருளியல் வல்லுநர்கள் சொன்னார்கள். அந்தக் கணக்கில் இது கிழக்காசியா. 1982ல் மலேசியத் தீபகற்பம் கடிகாரத்தை 30 நிமிடம் முன்னே நகர்த்தியபோது சிங்கப்பூரும் கூடவே நகர்த்தியது. அந்தக் கணக்கில் இன்னும் மலாயா. 2025 ஜனவரியில் ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டார ஒப்பந்தம் கையெழுத்தானபோது ‘வட்டாரம்’ என்ற சொல் மீண்டும் கடற்பாலத்தைத் தாண்டியது.

தேசிய கீதம் மலாயில் இருக்கிறது. அதிகாரத்துவ மொழிகள் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு. ஒரே வட்டாரம்தான் என்று தீர்ப்பளித்தால், இவற்றில் ஏதாவது ஒரு மொழி விருந்தாளியாகிவிடும். வழக்கு தீராமல் இருப்பதில் தமிழுக்கும் ஒரு பங்கு பாதுகாப்பு உண்டு.