மணியமும் மூவலூர் அம்மையாரும்

மாதம் ஆயிரம் ரூபாய் உதவித் தொகைக்கான விண்ணப்பத்தோடு, கும்பகோணத்துக் கல்லூரியிலே சேர்ந்திருக்கும் நம் பழைய மாணவி ஒருத்தி நம்மைக் காண வந்தாள். திட்டத்தின் பெயரிலே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர். "யார் ஐயா இந்த அம்மா?" என்றாள். சொன்னோம். கேட்டு முடித்ததும் அடுத்த வினாவைத் தொடுத்தாள்: "அந்தப் பெண்களின் விடுதலைக்காகத்தானே பாடுபட்டார்? பிறகு அவர்களே ஏன் எதிர்த்தார்கள்?"

தோழர்களே! இதற்கு மேடையிலே நாம் சொல்லிப் பழகிய விடை ஒன்று உண்டு. மக்கள் மடமையிலே மூழ்கிக் கிடந்தனர், ஆகவே அம்மையார் தனித்து நின்றார் என்போம், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்த மாணவியின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைப் படித்துப் பாருங்கள். 1014ஆம் ஆண்டையொட்டி இராசராசன் பொறித்த கல்வெட்டு, சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து குடியமர்த்தியதைச் சொல்கிறது. திருவாரூரிலிருந்து வந்தவர்கள் உண்டு. நம் குடந்தைக்கு அருகேயுள்ள பழையாறையிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்தால், நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைத் தொடரவேண்டும் என்பதும் கல்லிலேயே இருக்கிறது. அந்தப் பெண்டிரையும் பின்னாளைய தேவதாசியரையும் ஒன்றென்று கொள்வது வரலாறாகாது. இடையிலே 900 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. ஆனால் பணியோடு நெல்லைப் பிணைத்த முடிச்சு மட்டும் அவிழவேயில்லை. பொட்டுக் கட்டிக்கொண்டால் மணியம் நிலைக்கும். கட்ட மறுத்தால் நிலம் கைவிட்டுப் போகும். காவிரிப் பாசன நாட்டிலே நிலம் போனால் என்ன மிஞ்சும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த மரபிலே சொத்து மகளுக்குச் சென்றது. பெண்குழந்தையைத் தத்தெடுக்கும் வழக்கத்தையும் நீதிமன்றங்கள் ஏற்றன. அதே காலத்திலே, தாலி கட்டிய குடும்பத்துப் பெண்ணுக்குத் தந்தை வீட்டிலே என்ன உரிமை இருந்தது? சீர்வரிசையும் கண்ணீரும்தான்! இழிவிலிருந்து வெளியே வா என்று அழைத்தோம். வெளியே வந்தவள் நிற்பதற்கு ஒரு சாண் நிலம் இருந்ததா என்று எத்தனை பேர் கேட்டோம்?

அம்மையார் 1883இல் பிறந்தவர். பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் குழந்தையாக விற்கப்பட்டு, மயிலாடுதுறையை ஒட்டிய மூவலூரிலே தாசி வீட்டிலே வளர்ந்தார் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். கிழவர் ஒருவருக்குத் தம்மைத் தர மறுத்து, இசையாசிரியர் சுயம்புவை மணந்தார். பிறகு வீடு வீடாகச் சென்று, பொட்டுக் கட்டாதீர் என்று தாய்மாரிடம் மன்றாடினார். மறித்தவர்கள் மைனர்கள் மட்டுமல்லர் (அவர்களுக்கு வேறென்ன வேலை?), தாய்மாரும் கதவைச் சாத்தினர். மேடையிலே எதிரிகள் கூந்தலை அறுத்தெறிந்தபோது, அதன் பின் அம்மையார் முடியைக் குட்டையாகவே வைத்துக்கொண்டார் என்று கூறுவர்.

சென்னைச் சட்டமன்றத்திலே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இவ்வழக்கத்தை ஒழிக்க முனைந்தபோது சத்தியமூர்த்தி எதிர்த்தார். அது வியப்பில்லை. தேவதாசியர் சங்கத்தார் எதிர்த்ததும், அவர்களோடு பெங்களூர் நாகரத்தினம்மாள் நின்றதுமே எண்ணிப் பார்க்கத்தக்கவை. திருவையாற்றிலே தியாகராசர் சமாதிக்குத் தம் பொருளைக் கொட்டிக் கோயில் கட்டியவர் அவர். ஆண்கள் நடத்திய இசைவிழாவிலே பெண்களுக்கு இடமில்லை என்றபோது, பெண்களுக்கெனத் தனி விழா எடுத்தவர். கோழை என்று அவரை யாரும் சொல்ல முடியாது. ஒரு மரபை எதிர்த்து நின்ற அதே பெண்மணி, தமக்குச் சோறும் கலையும் பெயரும் தந்த மரபைக் காத்து நின்றார். எரிக்கின்ற நெருப்பே உலையையும் கொதிக்க வைக்கிறது; அதை அணைக்க வருபவரை வீட்டுக்காரியே தடுக்கிறாள்.

1929இலே இரண்டு காரியங்கள் நடந்தன. மணிய நிலத்தைக் கோயில் பணியிலிருந்து விடுவித்து, வரி செலுத்திப் பெண்களே அனுபவிக்கலாம் என்று அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியிலே, செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்றது. முடிச்சு எங்கே இருக்கிறது என்பதை இவ்விரண்டும் சரியாகக் கண்டன. முன்னது சட்டமாயிற்று. பின்னது தீர்மானமாகவே கிடந்தது.

அம்மையார் காத்திருக்கவில்லை. 1936இலே 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை எழுதினார். 1938 ஆகஸ்டு முதல் நாள் திருச்சியிலிருந்து புறப்பட்ட இந்தி எதிர்ப்புப் படையோடு, 55 வயதிலே, 42 நாள் சென்னைக்கு நடந்தார். அவ்வாண்டே ஆறு வாரச் சிறையும் ஏற்றார். பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1947இலே வந்தது. அதன் பின்னராவது கூட்டத்தோடு கூட்டமாக இருந்தாரா? பெரியாரின் திருமணத்தை ஏற்க மறுத்து, 1949இலே, 1925 முதல் தாம் பின்பற்றிய தலைவரையே பிரிந்து அண்ணாவோடு சென்றார். அதிலே அவர் செய்தது சரியா என்று நம்மவர் இன்னும் வாதிடுகின்றனர்; வாதிடட்டும். 1962 ஜூன் 27இல் மறைந்தார்.

1989இலே அவர் பெயரால் திருமண உதவித் திட்டம் வந்தது. அதுவே 2022இல் உயர்கல்வி உதவியாக மாறிற்று. செங்கற்பட்டிலே கேட்ட சொத்துரிமையும் அதே 1989இலேதான் தமிழ்நாட்டு மகளிருக்குச் சட்டமாயிற்று.

இவ்வளவையும் கேட்ட மாணவி, விண்ணப்பத்தை மடித்தபடி, "எங்கள் வீட்டு நிலத்திலே எனக்கும் பங்கு உண்டா ஐயா?" என்றாள். உண்டு என்றோம். "அண்ணனிடம் கேட்டால் வீட்டிலே யாரும் என்னோடு பேசமாட்டார்கள், அம்மாகூட" என்றாள்.