சிவகாசி பட்டாசுத் தொழில் மீதான அரசுக் கட்டுப்பாடுகள்

சிவகாசி பட்டாசுத் தொழில் மீதான அரசுக் கட்டுப்பாடுகள் என்பன தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் ஆகிய வட்டாரங்களில் பரவியுள்ள பட்டாசு ஆலைகளுக்குப் பொருந்தும் சட்டங்கள், விதிகள், நீதிமன்ற ஆணைகள் ஆகியவற்றின் தொகுப்பாகும். இந்தியாவில் விற்பனையாகும் பட்டாசில் பெரும்பகுதி இப்பகுதியில் செய்யப்படுகிறது. பெரிய ஆலைக்கு உரிமம் வழங்குவது நடுவண் அரசு; ஆலையில் வேலை செய்வோரின் பாதுகாப்பைக் கண்காணிப்பது மாநில அரசு; எந்த வேதிப்பொருளைப் பயன்படுத்தலாம், எந்த நேரத்தில் வெடிக்கலாம் என்பவற்றை அண்மைக் காலத்தில் முடிவு செய்வது உச்ச நீதிமன்றம். ஒரு விபத்துக்குப் பின் பொறுப்பு யாருடையது என்பது எளிதில் முடிவாகாமைக்கு இப்பிரிவு முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும்.

வரலாறு

மழை குறைந்த, வேளாண்மைக்கு அவ்வளவாக உதவாத கரிசல் நிலத்தில் இத்தொழில் தோன்றியது. 1923இல் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகியோர் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத்தொழிலும் வளர்ந்தன. மழையின்மை பட்டாசுக்கு ஒரு வசதியே. மருந்து வெயிலில் உலர வேண்டும். ஈரக்காற்று அதற்கு ஆகாது.

வெடிபொருள்களுக்கான அடிப்படைச் சட்டம் ஆங்கிலேயர் காலத்து 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமாகும். அதன்கீழ் 1940, 1983, 2008 ஆகிய ஆண்டுகளில் விதிகள் இயற்றப்பட்டன. இரண்டாம் உலகப்போரின்போது வெளிநாட்டுப் பட்டாசின் வரத்து நின்றதும், 1940ஆம் ஆண்டின் விதிகள் உரிமம் பெற்று உள்நாட்டில் செய்ய வழி வகுத்ததும் சிவகாசிக்கு ஒருசேர வாய்த்தன. சிவகாசி முன்னர் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டம் மார்ச் 15, 1985 அன்று பிரிக்கப்பட்டபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்துள் வந்தது.

அதிகாரப் பகிர்வு

இந்திய அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் படைக்கலங்களும் வெடிபொருள்களும் நடுவண் அரசுப் பட்டியலின் 5ஆம் இனமாக உள்ளன. துப்பாக்கிக்கும் கம்பி மத்தாப்புக்கும் சட்டத்தின் பார்வையில் ஒரே இடம் என்பது இதன் பொருள். தொழிற்சாலைகளோ பொதுப்பட்டியலின் 36ஆம் இனம். பொதுச் சுகாதாரமும் காவல்துறையும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை.

இதன் விளைவாக ஓர் ஆலையின் வாயிலுக்குள் குறைந்தது மூன்று துறைகள் நுழைகின்றன. முதலாவது, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. 'பெசோ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது நடுவண் வணிகம், தொழில் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. இதற்குச் சிவகாசியிலும் அலுவலகம் உண்டு. இரண்டாவது, மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். மூன்றாவது, மாவட்ட ஆட்சியரின் கீழுள்ள வருவாய்த்துறை. விபத்து நேர்ந்த பின்னர் வழக்குப் பதிவு செய்யும் காவல்துறையையும் சேர்த்தால் நான்கு.

தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் நெடுங்காலம் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி செயல்பட்டது. நவம்பர் 21, 2025 முதல் அச்சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.

உரிம வகைகள்

ஓர் ஆலை ஒரே நேரத்தில் எவ்வளவு வெடிபொருளை வைத்திருக்கலாம் என்பதைக் கொண்டே உரிமம் தருபவர் யார் என்பது முடிவாகிறது. 15 கிலோவுக்கு மிகாத அளவுக்கு மாவட்ட நிருவாகமும், அதற்கு மேல் 500 கிலோ வரை சென்னையிலுள்ள பெசோ அலுவலகமும், அதற்கும் மேற்பட்டால் நாக்பூர் தலைமையகமும் உரிமம் வழங்குகின்றன. இப்பகுதியில் இவை முறையே 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்', 'சென்னை லைசென்ஸ்', 'நாக்பூர் லைசென்ஸ்' என்றே வழங்கப்படுகின்றன. ஆலை உரிமையாளரின் செல்வநிலையைச் சுட்டவும் இச்சொற்கள் பயன்படுவதுண்டு.

விதிகளின் அடிப்படைக் கருத்து எளிமையானது. தீ மூளாமல் முழுவதுமாகத் தடுக்க இயலாது. மூண்டால் அது ஓர் அறையைத் தாண்டக் கூடாது. ஆகவே ஆலை என்பது ஒரே பெரிய கூடமாக இராமல், இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட சிறு சிறு அறைகளாக இருக்கும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது. மருந்துக் கலவை, மருந்து செலுத்துதல், திரி வைத்தல், உலர்த்துதல் ஆகியவை வெவ்வேறு இடங்களில் நடைபெற வேண்டும். அன்று கலந்த மருந்தை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். உராய்வில் பொறி எழுப்பும் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. பொட்டாசியம் குளோரேட்டு முதலிய குளோரேட்டுகளைக் கந்தகத்துடன் சேர்ப்பது 1992 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. இக்கலவை சிறு உரசலிலும் தீப்பற்றக்கூடியது.

இவ்விதிகள் பின்பற்றப்படும் ஆலையில் விபத்து நேர்ந்தால் இழப்பு ஓர் அறையோடு நிற்க வாய்ப்பு மிகுதி. பலர் உயிரிழந்த விபத்துகளில் இந்த இடைவெளி ஏதேனும் ஒரு வகையில் மறைந்திருப்பதைக் காணலாம்: அறைக்குள் கூடுதல் ஆட்கள், மரத்தடியில் வேலை, அறைகளுக்கு நடுவே உலர வைத்த மணி மருந்து, அளவுக்கு மேல் சேர்த்து வைத்த சரக்கு.

உள்குத்தகை

உரிமம் ஒரு குறிப்பிட்ட நபருக்கும் குறிப்பிட்ட இடத்துக்கும் தரப்படுகிறது. அதனைப் பிறருக்கு வாடகைக்கு விட விதிகளில் இடமில்லை. நடைமுறையிலோ, உரிமம் பெற்றவர் ஆலையை ஒருவருக்கு விட, அவர் அறை அறையாகப் பலருக்குப் பிரித்து விடும் வழக்கம் பல விபத்து விசாரணைகளில் வெளிப்பட்டுள்ளது. இது உள்குத்தகை எனப்படுகிறது.

உள்குத்தகையில் ஆலையை முழுமையாக நிருவகிப்பவர் எவரும் இல்லை. ஒவ்வொருவரும் தாம் எடுத்த சில அறைகளில் தீபாவளிக்குள் எவ்வளவு சரக்கு எடுக்க முடியுமோ அவ்வளவும் எடுக்கப் பார்க்கின்றனர். தொழிலாளருக்குச் செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி என்பதால் அவர்களும் விரைவாகவே வேலை செய்கின்றனர். அடுத்த அறையில் என்ன கலக்கிறார்கள் என்று இந்த அறையில் இருப்பவருக்குத் தெரியாது. சாதாரண வெடிகளுக்கு மட்டும் பழகியவர்கள் பேன்சி ரகங்களுக்கான வேதிப்பொருள்களைக் கையாளும் நிலையும் ஏற்படுகிறது. ஆய்வுக்கு வரும் அலுவலர் காணும் ஏட்டில் உரிமதாரரின் பெயரும் அவரது போர்மேனின் பெயருமே இருக்கும்.

முக்கிய விபத்துகள்

செப்டம்பர் 5, 2012 அன்று சிவகாசிக்கு அருகிலுள்ள முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 38 பேர் உயிரிழந்தனர். முதல் வெடிப்புக்குப் பின் உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் வந்த சுற்றுவட்டாரத்தார் பலர் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினர். அவ்வாலையின் உரிமம் விபத்துக்குச் சற்று முன்னரே ஆய்வின் பேரில் இடைநிறுத்தப்பட்டிருந்தது என்பது பரவலாகச் செய்தியானது. தாளில் நின்றுபோன வேலை ஆலையில் நிற்கவில்லை.

பிப்ரவரி 12, 2021 அன்று சாத்தூருக்கு அருகிலுள்ள அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பின்னர் தெரிய வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதனைத் தானாக முன்வந்து விசாரித்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்து, இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 20 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. அக்டோபர் 17, 2023 அன்று ஒரே நாளில் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் நேர்ந்த விபத்துகளில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மே 2024இல் செங்கமலப்பட்டியிலும், சூலை 2025இல் சின்னக்காமன்பட்டியிலும் விபத்துகள் நேர்ந்தன. இறந்தோரில் பெண்களே பெரும்பாலும் மிகுதி; ஆலைகளின் தொழிலாளரில் அவர்களது எண்ணிக்கை அத்தகையது.

குழந்தைத் தொழிலாளர்

1980களில் சிவகாசி என்றாலே தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை செய்யும் சிறுவர்கள் நினைவுக்கு வரும் நிலை இருந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலும், தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இலும் வந்தன. எம். சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் முதலில் தொழிலாளருக்கு 50,000 ரூபாய்க்கான கட்டாயக் காப்பீட்டை வலியுறுத்தியது. பின்னர் டிசம்பர் 10, 1996 தீர்ப்பில், சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை நல நிதியில் செலுத்துமாறு முதலாளிகளுக்கு ஆணையிட்டது. சிவகாசி ஆலைகளைப் பற்றித் தொடங்கிய வழக்கு இந்தியா முழுமைக்குமான விதியாக முடிந்தது.

அர்ச்சுன் கோபால் வழக்கு

2015இல் தில்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் சார்பில், தூய காற்றைச் சுவாசிக்கும் உரிமையைக் கோரி உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யப்பட்டது. அக்குழந்தைகளுள் ஒருவரின் பெயரால் இவ்வழக்கு அறியப்படுகிறது. நவம்பர் 11, 2016 அன்று தேசியத் தலைநகர்ப் பகுதியில் பட்டாசு விற்பனை உரிமங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தில்லி சந்தை சுருங்கியதும் அதன் தாக்கம் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டருக்கு அப்பால் சிவகாசியில் உணரப்பட்டது.

நீதிபதிகள் ஏ. கே. சிக்ரி, அசோக் பூசண் ஆகியோர் அக்டோபர் 23, 2018 அன்று வழங்கிய ஆணை நாடு முழுமைக்கும் பொருந்தியது. அதன்படி மாசு குறைந்த பட்டாசுகளும் பசுமைப் பட்டாசுகளும் மட்டுமே செய்யலாம்; பேரியம் உப்புகளும் சரவெடியும் கூடாது; இணையவழி விற்பனை கூடாது; தீபாவளியன்று இரவு 8 முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம். தடை செய்யப்பட்ட பட்டாசு விற்கப்பட்டால் அப்பகுதியின் காவல்நிலைய அலுவலரே பொறுப்பு. தமிழ்நாட்டில் தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் முழுக்கோடு தொடங்குவது. வடநாட்டு வழக்கத்தை ஒட்டி அமைந்த இந்நேரத்தை மாற்றுமாறு தமிழ்நாடு அரசு முறையிட்டது. இரண்டு மணி நேரம் எது என்பதை மாநிலமே முடிவு செய்ய நீதிமன்றம் ஒப்பியது; காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் என அரசு அறிவித்தது.

பேரியம் தடையே ஆலைகளை மிகவும் பாதித்தது. பச்சை நிறத்துக்கு மட்டுமன்றிக் கம்பி மத்தாப்பு, சக்கரம் போன்றவற்றில் எரிதலுக்கு ஆக்சிசன் தரவும் பேரியம் நைத்திரேட்டு பயன்பட்டு வந்தது. சரவெடியோ சிறு ஆலைகள் பலவற்றின் பிழைப்பு. நவம்பர் 2018இல் உற்பத்தியாளர்கள் ஆலைகளை மூடினர். மார்ச் 2019இல்தான் திறந்தனர். அந்நான்கு மாதங்களும் கூலியின்றிக் கழிந்தன.

அதன்பின் நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்னும் இயைபுகளை உருவாக்கியது. இவற்றில் துகள் மாசு குறைந்தது 30 விழுக்காடு குறையும் எனப்படுகிறது. பசுமைப் பட்டாசு என்பது மாசற்ற பட்டாசு அன்று. மாசு குறைந்த பட்டாசே. (பச்சை நிறம் தரும் பேரியத்துக்குப் பசுமைப் பட்டாசில் இடமில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.) தடையை மீறிப் பேரியம் பயன்படுத்தப்படுவதாக வந்த புகார் குறித்து விசாரிக்க மார்ச் 2020இல் நடுவண் புலனாய்வுச் செயலகம் பணிக்கப்பட்டது. பேரியத்தையும் சரவெடியையும் மீண்டும் அனுமதிக்கக் கோரிய மனுக்களை நீதிமன்றம் செப்டம்பர் 22, 2023 அன்று ஏற்க மறுத்தது.

இவ்வழக்கு முழுவதிலும் ஆராயப்பட்டது பட்டாசு வெடிக்கும் இடத்தின் காற்று. பட்டாசு செய்யும் அறையின் நிலை அதன் பொருளாக இருக்கவில்லை. பெசோவின் பணியிலோ கூடுதலாக இயைபுகளைச் சோதிப்பதும் சேர்ந்தது.

அரசியல் நிலைப்பாடுகள்

சிவகாசி மக்களவைத் தொகுதி 2008ஆம் ஆண்டின் மறுவரையறையில் நீக்கப்பட்டது. 2009 முதல் விருதுநகர் மக்களவைத் தொகுதி உள்ளது. திமுக, அதிமுக, காங்கிரசு, மதிமுக எனக் கட்சி எதுவாயினும் பட்டாசுத் தொழிலைக் காப்போம் என்பதில் இங்கு வேறுபாடு இல்லை. நவம்பர் 2017இல் பட்டாசு மீதான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்ததை வரவேற்காத கட்சியும் இல்லை. உள்குத்தகையை ஒழிப்பது, ஆய்வாளர் எண்ணிக்கையைக் கூட்டுவது போன்றவை விபத்தை அடுத்த சில வாரங்கள் பேசப்படுகின்றன. தேர்தல் மேடையில் அரிதாகவே ஒலிக்கின்றன. தொழிலாளரும் ஆலை மூடப்படுவதையே விபத்தைவிட அடுத்துள்ள ஆபத்தாகக் கருதுவது இதற்கு ஒரு காரணமாகலாம்.

அக்டோபர் 2021இல் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், முழுத்தடையை நீக்கக் கோரித் தில்லி, அரியானா, ஒடிசா, இராச்சசுத்தான் முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். தில்லியில் தடை ஆண்டு முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டதை ஏப்ரல் 2025இல் உச்ச நீதிமன்றம் தளர்த்த மறுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று, தலைமை நீதிபதி பி. ஆர். கவாய் அமர்வு தீபாவளியை ஒட்டி அக்டோபர் 18 முதல் 21 வரை அங்குப் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி அளித்தது.