டென்மார்க்கில் ஒரு வாத்தியாரின் காற்றாலை

நேற்று திருநெல்வேலியிலிருந்து பேருந்தில் வரும்போது பக்கத்தில் என் பழைய மாணவன் ஒருவன் உட்கார்ந்தான். கயத்தாறு நெருங்கியதும் வெளியே காட்டி, "இந்தக் காத்தாடியில கரண்ட் எடுக்கலாம்னு மொதல்ல யாரு சார் கண்டுபிடிச்சா?" என்றான். ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. எனக்குப் பிடித்த ஆள் ஒருவர் உண்டு. அவரும் நம்மைப் போல வாத்தியார்தான்.

பெயர் பவுல் லா கூர். டென்மார்க்கில் அஸ்கோவ் என்ற ஊர்ப் பள்ளியில் அறிவியல் நடத்தியவர். 1891இல் அரசு உதவியோடு அங்கே காற்றாலை கட்டி மின்சாரம் எடுத்தார். காற்று நின்றுவிட்டால் என்ன செய்வது? இன்றைக்கும் எல்லா நாடுகளும் தலையைச் சொறிகிற கேள்வி. அவர் அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, ஹைட்ரஜனைச் சேமித்து, பள்ளிக்கூடத்துக்கு விளக்கேற்றினார்! அவரிடம் படித்த யோகான்னஸ் யூல், 1957இல் கெட்ஸரில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார். அது 1967இல் நின்றது. எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம், காற்றை யார் சீந்துவார்கள்?

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கிப் பிடித்தன. டென்மார்க்கின் எரிசக்தியில் ஏறக்குறைய 90 விழுக்காடு இறக்குமதி எண்ணெய். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். மின் நிறுவனங்கள் அணு உலை கேட்டன, மக்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். 1985இல் நாடாளுமன்றம் அணுமின்சாரம் வேண்டாமென்று முடிவு செய்தது. (உடனே காற்றுக்குத் தாவிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். எண்ணெயை விட்டு மின் நிலையங்கள் முதலில் போனது நிலக்கரிக்கு.)

காற்றாலையை வளர்த்தது 1979இல் வந்த மானியம். வாங்குகிற விலையில் 30 விழுக்காட்டை அரசு கொடுத்தது. விவசாயிகளும் அக்கம்பக்கத்தாரும் கூட்டுறவாகப் பங்கு போட்டு வாங்கினார்கள். விவசாயக் கருவிகள் செய்துவந்த வெஸ்டாஸ் நிறுவனம் காற்றாலைக்கு வந்ததும் அப்போதுதான். கோபன்ஹேகன் கரைக்கு அப்பால் கடலில் 2000இல் நிறுவிய 20 காற்றாலைகளில் பாதி, 8,000க்கு மேற்பட்ட பங்குதாரர்களின் கூட்டுறவுக்குச் சொந்தம். தன் காசும் சேர்ந்து சுற்றும்போது அந்தச் சத்தம் காதில் உறைக்காது போலும்.

2001இல் ஆட்சி மாறியது. புதிய அரசு ஆதரவைக் குறைத்ததும் சில ஆண்டுகள் புதுக் காற்றாலை வருவது ஏறக்குறைய நின்றே போனது. பிறகு அதே பிரதமர் மனம் மாறினார். இன்று அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. நம் கயத்தாறில் ஆரம்பத்தில் நின்ற காற்றாலைகளுக்கும் டென்மார்க் அரசின் உதவி உண்டு.

இதையெல்லாம் பேருந்திலேயே பாடம் நடத்திவிட்டேன், பழக்கதோஷம். பங்கு போட்ட கதையில் அவன் நிறுத்தினான்.

"எங்கப்பா அன்னைக்குச் சொற்பக் காசுக்குக் குடுத்த எடத்துலயும் ஒண்ணு நிக்கு சார். நான்தான் அதுக்கு வாட்ச்மேன்."

அவன் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கிப் போனான்.